கதவு, யன்னல் வயர்லெஸ் சென்சர்கள்: கொழும்பு வீட்டுக்கு எது சரிவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வெள்ளவத்தையில் எலக்ட்ரோனிக் திருத்த வேலை செய்பவன். வீடுகளுக்கு அலாரம் பூட்டிக் கொடுப்பதும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுக்கும் காலத்தில் என் போன் ஓயாது. கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தச் சென்சருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டு துண்டு. சின்னது வெறும் காந்தம், அதைக் கதவில் ஒட்டுவோம். பெரியதை நிலையில் பூட்டுவோம். பெரியதைத் திறந்தால் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் தெரியும், அதற்குள் தலைமயிர் போல இடைவெளி விட்டு இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒட்டும், விலகினால் பிரியும். ரீட் சுவிட்ச் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1936இல் எல்வுட் என்ற பொறியியலாளர் உருவாக்கியது. இன்றைக்கும் பெரும்பாலான கதவுச் சென்சர்களுக்குள் இருப்பது அதேதான்.

ஆகவே மலிவான சென்சருக்கும் விலை கூடியதற்கும் இந்தக் குழாயில் பெரிய வித்தியாசம் இல்லை. கதவு திறந்த செய்தியை அது பனலுக்கு, அதாவது எல்லாச் சென்சரும் கதைக்கிற தலைமைப் பெட்டிக்கு, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதில்தான் வித்தியாசம் முழுக்க.

கடையில் வகைவகையாகக் காட்டுகிறார்களே, எத்தனை வகை இருக்கிறது?

பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் இங்கே கிடைப்பவற்றை நான்காகப் பிரித்துவிடலாம்.

ஒன்று, 433 மெகாஹேர்ட்ஸ் ஒருவழிச் சென்சர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பனல், இரண்டு ரிமோட், சைரன் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் தருவார்களே, அது. சென்சர் சொல்லும், பனல் கேட்கும். பனல் கேட்டதா இல்லையா என்பது சென்சருக்குத் தெரியாது.

இரண்டு, வைஃபை சென்சர். பனலே வேண்டாம், வீட்டு ரவுட்டரோடு நேரே இணையும், போனுக்குச் செய்தி வரும்.

மூன்று, ஸிக்பீ, அதாவது குட்டிச் சாமான்கள் குறைந்த மின்சாரத்தில் ஒன்றோடொன்று கதைக்கிற ஒரு ரேடியோ முறை. அகாரா, சொனோஃப் போன்ற பெயர்களில் வருகிற குட்டிச் சென்சர்கள் பெரும்பாலும் இந்த வகை. இதற்குத் தனி ஹப், அதாவது சென்சர்களின் செய்தியை வாங்கி ரவுட்டருக்குக் கொடுக்கிற பெட்டி, வேண்டும்.

நான்கு, அலாரத்துக்கென்றே செய்த இருவழிச் சென்சர். அஜாக்ஸ், ஹிக்விஷன் ஏஎக்ஸ் புரோ போன்றவை. இதில் பெரும்பாலானவை 868 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கின்றன. சென்சர் சொல்லும், பனல் "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்லும், பதில் வராவிட்டால் சென்சர் மறுபடி சொல்லும். கதைப்பது குறியாக்கம் செய்யப்பட்ட மொழியில்.

சரி, ஒப்பிடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

செத்தால் சொல்லுமா? இந்த ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தூரம், வடிவம், நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். குசினிப் பின்கதவில் முதல் வகைச் சென்சர் ஒன்று பூட்டியிருந்தேன். ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் ரிமோட்டை அழுத்துவேன், பனல் "பீப்" என்று சொல்லிச் சிவப்பு விளக்கைப் போடும், நிம்மதியாகத் தூங்குவோம். ஒருநாள் அலாரம் போட்டிருப்பதை மறந்து, விடிய எழும்பிக் குப்பைப் பையோடு பின்கதவைத் திறந்துவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பற்றரியின் ஒரு பக்கம் வெள்ளைப் பொடி, ஸ்பிரிங் பச்சை பிடித்து, தொட்டதும் உடைந்து விழுந்தது. அது எப்போது செத்தது? நேற்றா, மூன்று மாதத்துக்கு முன்பா? பனலுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தனை இரவும் அந்தச் சிவப்பு விளக்கு என்னை ஏமாற்றியிருக்கிறது.

ஒருவழிச் சென்சரின் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது: "கதவு மூடியிருக்கிறது", அல்லது "நான் உயிரோடு இல்லை". பனலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இருவழி வகையில் சென்சர் குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அஜாக்ஸில் அந்த இடைவெளியை 12 விநாடியிலிருந்து 300 விநாடி வரை வைக்கலாம். தொடர்ந்து சில தடவை குரல் வராவிட்டால் பனல் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும். ஸிக்பீயில் இந்த நலம் விசாரிப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். ஆகவே காணாமல் போனதை ஹப் உணர நேரம் எடுக்கும், ஆனாலும் உணரும். வைஃபை சென்சர் பற்றரியை மிச்சம் பிடிக்க நித்திரையில்தான் கிடக்கும், கதவு அசைந்தால்தான் எழும்பும்.

அப்போ 433 வகையை வாங்கவே கூடாதா?

வாங்கலாம், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். கடைக்குள் ஆள் நுழைந்தால் மணி அடிக்க, சாமான் அறைக்கு, ஒரு தடவை பூட்டிச் சரிபார்க்க ஆள் இருக்கிற இடத்துக்கு அது போதும்.

ஆனால் இரண்டு குறை. முதலாவது, இவற்றில் பல "திறந்தது" என்று மட்டும் சொல்லும், "மூடியது" என்று சொல்லாது. யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே அலாரத்தைப் போட்டாலும் பனல் தடுக்காது.

இரண்டாவதுதான் பெரியது, ஆனால் அது சென்சரில் இல்லை, ரிமோட்டில் இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பொதுவாக வருகிற ஈவி1527 என்ற சிப்புக்கு 20 பிட் நிலையான இலக்கம் ஒன்று உண்டு. பத்து லட்சத்துக்கு மேல் சாத்தியங்கள் என்று விளம்பரம் செய்வார்கள். கணக்குச் சரிதான், ஆனால் அந்த இலக்கம் ஒவ்வொரு தடவையும் மாறாமல் அப்படியே காற்றில் போகிறது. ஒருவர் பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்து பிறகு திருப்பி அனுப்பலாம். சென்சரின் செய்தியைத் திருப்பி அனுப்பினால் அலாரம்தான் அடிக்கும், கள்ளனுக்கு அதில் லாபம் இல்லை. ரிமோட்டின் "நிறுத்து" பொத்தானைப் பதிவு செய்தால்? ஆகவே இந்த வகை வைத்திருப்பவர்களுக்குச் சொல்வேன்: ரிமோட்டை மேசை லாச்சியில் போட்டுவிட்டு, பனலின் விசைப்பலகையில் இரகசிய இலக்கம் அடித்துப் பாவியுங்கள்.

வைஃபை வகை மலிவு, பனலும் வேண்டாம். அது ஏன் போதாது?

கதவு திறந்ததும் அது நித்திரையால் எழும்பி, ரவுட்டரைத் தேடி, இணைந்து, இணையத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் போனுக்கு வர வேண்டும். சில விநாடி ஆகும், சிலநாள் இன்னும் கூட. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், சென்சரில் பற்றரி இருந்தும் கதைக்க ஆள் இல்லை. இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டரில் 5 மட்டும் திறந்து வைத்திருந்தால் இணையவே மாட்டாது.

அம்மா அறைக் கதவைத் திறந்துகொண்டு இரவில் வெளியே வருகிறாரா என்று பார்க்க நல்ல சாமான். வீட்டுக் காவலுக்கு இல்லை.

பெட்டியில் "1200 மீற்றர்" என்று போட்டிருக்கிறது. எங்கள் வீடு முழுக்கவே பத்துப் பேர்ச்தான்!

அந்தத் தூரம் வெட்டவெளியில் அளந்தது. காலிமுகத்திடலின் இந்த முனையில் பனலும் அந்த முனையில் சென்சரும் வைப்பவருக்கு அது பயன்படும். நம்முடைய தொடர்மாடியில் கொங்கிறீட் சுவர், அதற்குள் கம்பி, நடுவில் லிப்ட், எதிரே இரும்புக் கதவு. பொதுவாக 868 மெகாஹேர்ட்ஸ் சுவரை 2.4 கிகாஹேர்ட்ஸை விட நன்றாகக் கடக்கும். ஸிக்பீயும் வைஃபையும் அதே 2.4இல் நெரிபடுகின்றன. பம்பலப்பிட்டித் தொடர்மாடி ஒன்றில் போனைத் திறந்து அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை எண்ணிப் பாருங்கள், நெரிசல் புரியும். ஸிக்பீ ஹப்பில் அலைவரிசை இலக்கத்தை (சனல்) மாற்ற முடிந்தால் 25க்கு மாற்றுங்கள், அங்கே வைஃபை இரைச்சல் குறைவு.

எந்த வகையானாலும், துளை போடுமுன் சென்சரை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, கதவுகளை எல்லாம் மூடி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

கனடாவிலிருந்து மாமா ஒரு செற் கொண்டு வந்தார். பூட்டலாமா?

மாமாவின் மனம் நோகாமல் பதில் சொல்ல நானும் பல தடவை முயன்றிருக்கிறேன். ஸீ-வேவ் என்பது ஸிக்பீ போல இன்னொரு ரேடியோ முறை. வட அமெரிக்காவுக்கென்று செய்த ஸீ-வேவ் சென்சர்கள் 908.42 மெகாஹேர்ட்ஸில் கதைப்பவை. இங்கே அந்த இடம் 900 மெகாஹேர்ட்ஸ் கைத்தொலைபேசிகள் கோபுரத்துக்குக் கதைக்கிற 890 முதல் 915 வரையான பட்டைக்குள் விழுகிறது. ஐரோப்பிய ஸீ-வேவ் 868.42, ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று கதைக்காது. ஹனிவெல்லின் பழைய அமெரிக்கச் சென்சர்கள் 345 மெகாஹேர்ட்ஸ். உடைந்தால் மாற்றுச் சென்சர் இங்கே கிடைக்காது. அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 120 மட்டும் என்றால் நம் 230இல் செருகிய கணமே கதை முடிந்தது.

ஸிக்பீ செற் என்றால் பிரச்சினை இல்லை, அது உலகம் முழுக்க 2.4தான்.

எங்கள் முன்கதவு இரும்பு. சென்சர் வேலை செய்யுமா?

இரும்பு காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். காந்தம் 20 மில்லிமீற்றர் வரை தள்ளி இருக்கலாம் என்று பெட்டியில் இருந்தால் இரும்பில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்துங்கள், வித்தியாசம் உடனே தெரியும். அலுமினியம் காந்தத்தைத் தொந்தரவு செய்யாது, ஆனால் ரேடியோவைத் தடுக்கும். ஆகவே சென்சரை அலுமினியச் சட்டத்தின் குழிக்குள் ஒளித்து வைக்க வேண்டாம்.

கடை ரோலர் ஷட்டருக்கு இந்தக் குட்டிச் சென்சர் வேண்டவே வேண்டாம். காற்றுக்கே ஷட்டர் ஆடும். நிலத்தில் பூட்டுகிற கனமான உலோக உறைச் சென்சர் இருக்கிறது, அதிலிருந்து ஒரு துண்டு வயரை இழுத்து, வெளித்தொடர்பு முனை உள்ள வயர்லெஸ் சென்சரில் கொடுக்கலாம். அஜாக்ஸின் டோர்புரொடெக்டில் அந்த முனை உண்டு.

தள்ளு யன்னலுக்கு எங்கே பூட்டுவது?

அலுமினியத் தள்ளு யன்னலில் இரண்டு கண்ணாடி, இரண்டும் ஓடும். ஒன்றுக்குச் சென்சர் பூட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள், கள்ளன் மற்றதைத் தள்ளிக்கொண்டு வருவான். இரண்டுக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் பாவிக்காத கண்ணாடியைத் தண்டவாளத்தில் ஒரு ஸ்குரூ அடித்து நிறுத்திவிடுங்கள். நான் பெரும்பாலும் ஸ்குரூதான் அடிக்கிறேன், செலவு பத்து ரூபாயும் இல்லை.

கொழும்பு வெக்கையில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுக்க யாராலும் முடியாது. அதற்கு ஒரு வழி: நான்கு விரல் அகலம் திறந்து வைக்கும் இடத்தில் இரண்டாவது காந்தம் ஒன்றை ஒட்டுங்கள். முழுக்க மூடினாலும் அவ்வளவு திறந்தாலும் சென்சர் தன் முன்னால் ஒரு காந்தத்தைக் காணும், இரண்டு நிலையிலும் "மூடியிருக்கிறது" என்றே சொல்லும். அதற்கு மேல் தள்ளினால் அடிக்கும். யன்னலை வைத்து முடித்த பிறகுதான் அலாரத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் மட்டும் நள்ளிரவில் காரணமில்லாமல் அடிக்கிறதே?

மரக் கதவு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மே மாதத் தென்மேல் பருவக்காற்றுக்குக் கதவு இறுகும், பிறகு தளரும், காற்று அடித்தால் ஆடும். காந்தம் ஏற்கெனவே எல்லையில் நின்றிருந்தால் அந்த ஆட்டம் போதும்.

பூட்டும்போதே அளந்துவிடுங்கள். கதவை மெதுவாகத் திறந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தை இடைவெளியில் பிடித்து, எத்தனை மில்லிமீற்றரில் சென்சரின் விளக்கு மின்னுகிறது என்று பாருங்கள். 20இல் மின்னினால், மூடிய நிலையில் இடைவெளி 5 முதல் 8க்குள் இருக்க வேண்டும். இரண்டு துண்டிலும் இருக்கிற சின்னக் கோடுகள் நேருக்கு நேர் வர வேண்டும். தலைகீழாகவோ குறுக்காகவோ ஒட்டிய காந்தங்களை நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

அதிர்வைக் கண்டுபிடிக்கும் சென்சர் இன்னும் நல்லதா?

கதவைத் திறக்காமல் உடைத்தால் சாதாரணச் சென்சருக்குத் தெரியாது, கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் தெரியாது. அதிர்வுச் சென்சருக்குத் தெரியும். ஆனால் மெரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கரையோர ரயில் ஒவ்வொரு தடவை போகும்போதும் யன்னல் கண்ணாடி கிறுகிறுக்கும். உணர்திறனை ஆகக் கூட்டி வைத்த ஒரு வீட்டில் அதிகாலை முதல் ரயிலுக்கே சைரன் ஊதியது, மேல்மாடிக்காரர் சாரத்தோடு ஓடி வந்தார். குறைத்த பிறகு சரி. சித்திரை வருஷப்பிறப்புக்கும் டிசம்பர் 31க்கும் வெடி கொளுத்தும்போது என்ன நடக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பற்றரி எத்தனை நாள் வரும்?

மலிவான 433 சென்சர்களில் வருகிற 12 வோல்ட் 23ஏ பற்றரியின் கொள்ளளவு ஏறக்குறைய 55 மில்லியம்பியர் மணி. சிஆர்2032 காசுப் பற்றரி 220 அளவில். அலாரச் சென்சர்களில் போடும் சிஆர்123ஏ 1400க்கு மேல். டோர்புரொடெக்டுக்கு 7 வருஷம் வரை என்று தயாரிப்பாளர் சொல்வதன் இரகசியம் அந்தப் பற்றரியின் பருமன்தான். அழகான குட்டிச் சென்சர் வேண்டும் என்றால் குட்டிப் பற்றரிதான்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி, உப்புக்காற்று. பற்றரி தீருமுன் ஸ்பிரிங் தீர்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை தெரிந்தால் சுரண்டித் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு பொட்டு வாஸ்லின் பூசுங்கள்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார்.

டபுள் டேப் போதும். ஒட்டுமுன் பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டால் இடத்தைத் துடையுங்கள், ஒட்டிய பிறகு ஒரு நாள் அசைக்காதீர்கள். கழற்றும்போது இழுக்க வேண்டாம், தூண்டில் நூலை நடுவில் கொடுத்து அறுத்தால் பெயின்ற் தப்பும்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அந்த நாளை நினைத்து வாங்குங்கள். சென்சருக்குப் பிரச்சினை இல்லை. பனலுக்குள் பற்றரி இருக்கிறதா, சிம் போட இடம் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். ரவுட்டருக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வையுங்கள்.

எல்லா யன்னலுக்கும் போட வேண்டுமா?

வேண்டாம். கிறில் அடித்த யன்னலுக்குப் போடுகிற காசைப் பின்கதவுக்கும் பல்கனிக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் போடுங்கள். ஓட்டு வீடு என்றால் கள்ளன் ஓட்டைப் பிரித்து இறங்குவான், கதவுச் சென்சர் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நடு ஹோலில் ஒரு அசைவுச் சென்சர் கட்டாயம். வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள் என்றால், பூச்சுப் பூசுமுன் ஒவ்வொரு கதவு நிலைக்கும் ஒரு வயர் இழுத்துவிடுங்கள். பற்றரியே இல்லாத சென்சரை எந்த வயர்லெஸ்ஸும் வெல்லாது. இதைச் சொன்னால் என் வியாபாரம்தான் குறையும்.

அலாரம் அடித்தால் யாருக்குப் போன் போக வேண்டும்?

பல வீடுகளில் அலாரத்தின் செயலி (அப்) ரொறன்ரோவில் இருக்கிற மகனின் போனில் மட்டும்தான் இருக்கிறது. இங்கே அதிகாலை 2 மணி என்றால் கோடையில் அங்கே முதல்நாள் பின்னேரம் 4.30, அவர் வேலையில் இருப்பார். பார்த்தாலும் ஓடி வர முடியாது. முதல் இலக்கம் நடந்து வரக்கூடிய ஒருவருடையதாக இருக்கட்டும்: பக்கத்து வீடு, தொடர்மாடி வாச்சர். அவர் பார்த்துவிட்டு 119க்கு எடுக்கலாம். பனலே நேராகப் பொலிசுக்கு எடுக்கும்படி வைக்காதீர்கள், ரயிலுக்கு அடித்த கதையை மேலே சொன்னேன்.

ஊருக்குப் போகுமுன் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் வீட்டில் இப்படி: பனலைச் சோதனை நிலையில் போடுவேன். நான் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டு போவேன், மனைவி பனலுக்கு முன்னால் நின்று வருகிற இலக்கத்தைச் சத்தமாகச் சொல்லுவா. "மூன்று... நாலு... அஞ்சு..." போன வருஷம் ஏழு வரவில்லை. இரண்டாம் தடவை திறந்தேன், அப்போதும் வரவில்லை. யாழ்ப்பாண பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. காலி வீதிக்கு ஓடி, இரண்டு கடை ஏறி இறங்கிப் பற்றரி வாங்கி வந்து போட்டேன். "ஏழு" என்று உள்ளே இருந்து குரல் வந்த பிறகுதான் பயணப் பையைத் தூக்கினோம்.